கோட்டு பட்டனுக்கு நடுவுல ஒரு லென்ஸ்

1938, நியூயார்க் சப்வே ரயில். எதிர் சீட்ல ஒரு ஆளு கோட்டு போட்டுட்டு உக்காந்திருக்காரு, பாத்தா வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற ஆளு மாதிரிதான் இருக்கும். ஆனா அந்த கோட்டோட ரெண்டு பட்டனுக்கு நடுவுல ஒரு கான்டாக்ஸ் கேமராவோட லென்ஸ் எட்டிப் பாக்குது, கேமராவுல பளபளன்னு இருந்த இடமெல்லாம் கறுப்பு பெயின்ட் அடிச்சாச்சு, ஷட்டரை அமுக்கற ஒயர் கோட்டுக் கைக்குள்ள ஓடி உள்ளங்கைக்கு வந்திருக்கு. அவரு பேரு வாக்கர் எவன்ஸ். சில நாள் துணைக்கு ஹெலன் லெவிட்னு ஒரு சின்ன வயசுப் பொண்ணும் கூட வரும், அந்தப் பொண்ணைப் பத்தி அப்புறம் வரேன். வியூஃபைண்டர்ல கண்ணே வைக்காம, ஃபிளாஷ் இல்லாம, ஆடிக்கிட்டே போற ரயில்ல உக்காந்து 1941 வரைக்கும் இப்படி எடுத்தாரு மனுஷன்.

அந்தப் படங்கள்ல முகமெல்லாம் இருட்டுக்குள்ள இருந்து மெதுவா வெளிய வர்ற மாதிரி இருக்கும், கொஞ்சம் மங்கல், கொஞ்சம் சொரசொரப்பு. இன்னிக்குப் பாக்கறவங்க "என்ன ஒரு மூடு" ன்னு சொல்றாங்க. மூடு எல்லாம் இருக்கட்டும், சப்வேல வெளிச்சம் கம்மி, அதான் மொத காரணம்.

1930கள் கடைசில இருந்து 60கள் வரைக்கும் நியூயார்க், சிகாகோ மாதிரி ஊர்கள்ல எடுத்த கறுப்பு வெள்ளை தெரு போட்டோக்களை நாம இப்ப ஏதோ ஒரு ஸ்டைல்னு பாக்கறோம், போன்ல ஃபில்டர் போட்டு அதே மாதிரி வரவைக்கப் பாக்கறோம். எனக்கென்னமோ அதுல பாதிக்கு மேல ஸ்டைலே கிடையாதுன்னு தோணுது. ஃபிலிமோட வேகம், வீட்டுக்குள்ள இருந்த புழுக்கம், அரசியல் பயம், யாருமே காசு குடுத்து வாங்காதது, இதெல்லாம் சேர்ந்து விட்ட தழும்புதான் நமக்கு இப்ப அழகாத் தெரியுது.

மொதல்ல கலர் ஏன் இல்லைங்கறதைப் பாத்துடலாம். கலர் அப்ப இல்லாம இல்ல. கோடக்ரோம்ங்கற கலர் ஃபிலிம் 1935லயே வந்தாச்சு. ஆனா அதோட வேகம் ஏஎஸ்ஏ 10 அளவுதான், நம்ம போன் கேமராவுல ஐஎஸ்ஓன்னு ஒரு நம்பர் வருதே அதே சங்கதிதான், நம்பர் கம்மின்னா படம் பதிய வெளிச்சம் நெறைய வேணும். இதைக் கணக்கு போட்டுப் பாருங்க. உயரமான கட்டடங்களுக்கு நடுவுல நிழல் விழற ஒரு தெரு, நடந்து போறவங்களை எடுக்கணும், கிட்ட இருக்கறதும் தூரத்துல இருக்கறதும் ஓரளவு ஷார்ப்பா வரணும்னா லென்ஸ்ல வெளிச்சம் நுழையற ஓட்டையைச் சின்னதாக்கி எஃப் 8ங்கற அளவுக்கு மூடணும். அப்படி மூடினா கோடக்ரோம்ல ஷட்டர் 1/5 செகண்ட் திறந்திருக்கணும். அந்த நேரத்துல ஒருத்தர் கிட்டத்தட்ட ஒரு அடி நகந்துடுவாரு, படம் புகை மாதிரி வரும். அதே தெருல 1954ல 35 எம்எம்ல வந்த கோடக் ட்ரை-எக்ஸ் போட்டா, அப்ப அதுக்கு ஏஎஸ்ஏ 200னு போட்டிருந்தாங்க, 1/100 செகண்ட் கிடைக்கும். நடக்கற ஆளு அப்படியே நின்னுடுவாரு. டெவலப் பண்ணும்போது கெமிக்கல்ல கூடுதல் நேரம் போட்டு வெச்சா அதுக்கு மேலயும் வேகத்தை இழுத்துக்கலாம், பதிலுக்கு படத்துல மணல் தூவின மாதிரி க்ரெய்ன் ஏறும். அந்த க்ரெய்னைத்தான் நாம இப்ப ஆப்ல காசு குடுத்து வாங்கறோம்.

இன்னொன்னு, கோடக்ரோமை வீட்ல கழுவ முடியாது, கம்பெனி லேபுக்கு அனுப்பிட்டுக் காத்திருக்கணும். கறுப்பு வெள்ளையை பாத்ரூம் ஜன்னல்ல கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கி நாமளே கழுவிக்கலாம், நாமளே பிரிண்ட் போட்டுக்கலாம். வேணுங்கற இடத்தைக் கறுப்பாக்கலாம், வேணாங்கற இடத்தை விரலால மறைச்சு வெளிச்சத்தைக் கொறைச்சு வெளுப்பாக்கலாம். பத்திரிகைல கலர் பக்கம்னா பெரும்பாலும் விளம்பரம், சோப்பு, காரு, லிப்ஸ்டிக். அதனால கலர்னாலே வியாபாரம்னு இந்த போட்டோகிராஃபர்களுக்கு ஒரு முகச்சுளிப்பு வேற இருந்துச்சு. எல்லாரும் அப்படி இல்ல, சால் லெய்ட்டர் 40கள் கடைசிலயே நியூயார்க் தெருவைக் கலர்ல எடுத்துட்டுதான் இருந்தாரு, ரொம்ப வருஷம் யாரும் கண்டுக்கல.

ஃபோகஸ் விஷயம் ஒன்னு சொல்லிட்டு தெருவுக்குப் போயிடறேன். ஆட்டோஃபோகஸ் கிடையாது, அதனால 28 இல்லன்னா 35 எம்எம் வைடு லென்ஸ் மாட்டி, சுமார் எட்டடி தூரத்துக்கு ஃபோகஸ் வெச்சு, எஃப் 8லயோ 11லயோ விட்டுடுவாங்க. அந்த எட்டடிக்குக் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கறது எல்லாம் தெளிவாதான் வரும், அப்புறம் கேமராவைத் தூக்கினமா, அமுக்கினமா, நடந்தமான்னு போகலாம். அதனாலதான் இந்தப் படங்கள்ல ஆளுங்க அவ்வளவு கிட்டத்துல இருக்காங்க, அதனாலதான் தரை சாய்ஞ்சு கெடக்கும், ஓரத்துல யாரோட தோளோ தொப்பியோ பாதியா வெட்டியிருக்கும். கேரி வினோகிராண்டுன்னு ஒருத்தர், பிராங்க்ஸ்ல பொறந்தவரு, 28 எம்எம் லென்ஸோட நடுரோட்டுல கூட்டத்துக்குள்ள பூந்து எடுப்பாரு, சிரிச்சுக்கிட்டே தலையாட்டிக்கிட்டே. அவரு படத்துல தெருவே கொஞ்சம் தண்ணியடிச்ச மாதிரி சரிஞ்சு நிக்கும்.

இப்ப அந்த சப்வே பொண்ணு. ஹெலன் லெவிட் 1913ல ப்ரூக்ளின்ல பொறந்தவங்க. கிழக்கு ஹார்லெம், லோயர் ஈஸ்ட் சைடு பக்கம் ஏழைங்க குடியிருப்புத் தெருக்கள்ல சின்னப் பசங்க விளையாடறதை எடுத்தாங்க. அவங்க லைக்கா கேமராவுல வலது கோண வியூஃபைண்டர்னு ஒரு சின்ன கருவி மாட்டியிருந்தாங்க, அதாவது உடம்பு ஒரு பக்கம் திரும்பியிருக்கும், கேமரா இன்னொரு பக்கம் பாக்கும். தெருல இருக்கறவங்க இந்தம்மா எதிர்ச் சுவத்தை எடுக்கறாங்கன்னு நெனச்சுப்பாங்க. இது ஏமாத்து வேலை இல்லையான்னு கேட்டா, ஆமா, ஏமாத்து வேலைதான். ஆனா அதுல கெடைச்சதைப் பாருங்க. வாசப்படியில மூணு பசங்க முகமூடி மாட்டிட்டு வெளிய கெளம்பற ஒரு படம் இருக்கு, ஏறக்குறைய 1940. ஒருத்தன் ஏற்கெனவே தூணுல சாய்ஞ்சு பெரிய மனுஷன் மாதிரி நிக்கறான், கடைசியா வர்ற பொண்ணு இப்பதான் முகமூடியை முகத்துல சரி பண்ணிக்கிட்டு வருது. அந்த ஒரு நொடிக்கு நியூயார்க்கே ஒரு நாடக மேடை.

அந்தப் பசங்க ஏன் தெருல இருந்தாங்கங்கறதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. ஏசி கிடையாது. அஞ்சு மாடி டெனமென்ட் கட்டடம், ஒரு மாடிக்கு நாலு குடும்பம், வெயில் காலத்துல உள்ள உக்காரவே முடியாது. அதனால பாட்டிங்க வாசப்படில நாற்காலி போட்டு உக்காந்தாங்க, ஆம்பளைங்க பனியனோட வெளிய நின்னு சீட்டாடினாங்க, பசங்க ரோட்டுல சாக்பீஸால ராணி, திருடன், அம்புக்குறின்னு வரைஞ்சாங்க, தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு நனைஞ்சாங்க. டிவியும் இன்னும் எல்லா வீட்டுக்கும் வரல. லெவிட்டே பின்னாடி ஒரு பேட்டில இதைத்தான் சொன்னாங்க, அப்ப எல்லாமே வெளியதான் நடந்துச்சுன்னு. ஆக தெரு போட்டோகிராஃபிக்கு மொத உதவி பண்ணது லைக்கா கம்பெனி கூட இல்ல, வீட்டுக்குள்ள இருந்த அந்தப் புழுக்கம்தான்னு நான் சொல்லுவேன். 50கள்ல டிவி வந்துச்சு, ஏசி வந்துச்சு, வசதி வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் புறநகர்ல தோட்டம் வெச்ச வீட்டுக்குப் போயிட்டாங்க, பழைய குடியிருப்பு பலதையும் இடிச்சு ஹைவேயும் பெரிய பெரிய ஹவுசிங் பிளாக்கும் கட்டினாங்க. 1955ல மூணாவது அவென்யூ மேல ஓடின ரயிலையும் நிறுத்திட்டாங்க, அந்த இரும்புத் தூணுக்குக் கீழ விழுந்த வரிவரியான நிழலும் போச்சு. நாம இந்தப் படங்களைப் பாத்து "அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு" ன்னு பெருமூச்சு விடறதுக்கு முன்னாடி, அந்த வாசப்படில உக்காந்திருந்தவங்க ஒரு ஏசி கெடைச்சிருந்தா உடனே எந்திரிச்சு உள்ள போயிருப்பாங்கங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

அரசியல் பக்கம் வருவோம், ஏன்னா இதைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்ல. 1936ல நியூயார்க்ல ஃபோட்டோ லீக்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. சிட் கிராஸ்மன், சால் லிப்சோன்னு ரெண்டு இளைஞர்கள், பெரும்பாலான உறுப்பினர்கள் குடியேறின யூதக் குடும்பத்துப் பசங்க, தொழிலாளி வீட்டுப் பிள்ளைங்க. கொஞ்சமா சந்தா, பொது டார்க்ரூம், ராத்திரி வகுப்பு. உன் தெருவுக்குப் போ, அங்க இருக்கற மனுஷங்களை எடு, அதை எல்லாரும் பாக்கற மாதிரி வை, இதுதான் பாடம். ஆரன் சிஸ்கிண்ட் தலைமைல ஒரு குழு கறுப்பினத்தவங்க வாழ்ந்த ஹார்லெம் பகுதியையே வருஷக்கணக்குல படம்பிடிச்சாங்க. குழந்தைத் தொழிலாளர்களை எடுத்து சட்டம் வர உதவின லூயிஸ் ஹைன் 1940ல வறுமைல செத்தப்ப அவரோட படங்கள் இந்த சங்கத்துகிட்டதான் வந்து சேர்ந்துச்சு.

1947 டிசம்பர்ல அமெரிக்க அட்டர்னி ஜெனரல் டாம் கிளார்க் தேசவிரோத அமைப்புகள்னு ஒரு பட்டியல் வெளியிட்டாரு. அதுல ஃபோட்டோ லீக் பேரும் இருந்துச்சு, விசாரணை கிடையாது, விளக்கம் கேக்கறது கிடையாது. 1949ல ஏஞ்சலா கலோமிரிஸ்னு ஒரு அம்மா கம்யூனிஸ்ட் தலைவர்கள் மேல நடந்த வழக்குல சாட்சி சொல்ல வந்தாங்க, அவங்களும் லீக் உறுப்பினர்தான், போட்டோகிராஃபர்தான், இத்தனை நாளா எஃப்பிஐக்கு உளவு சொல்லிட்டு இருந்தாங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. கிராஸ்மன் பேரையும் சொன்னாங்க. அப்புறம் என்ன, வேலை போயிடும், பத்திரிகைல ஆர்டர் கெடைக்காதுன்னு ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க, 1951ல சங்கத்தையே மூடிட்டாங்க. கிராஸ்மன் நியூயார்க்கை விட்டுக் கடலோர ஊரு ஒன்னுக்குப் போய் மீன்பிடிக்கிறவங்களையும் பறவைகளையும் எடுத்துட்டு இருந்தாரு, 1955ல செத்துட்டாரு.

50கள்ல வந்த தெரு போட்டோ ஏன் ஒரே தனிமையா, புரியாத புதிரா, தனி ஆளோட பார்வையா மாறிச்சுன்னு கலை விமர்சகர்கள் நிறைய பேசுவாங்க. அதுக்கு ஜாஸ், கவிதை, ஓவியம்னு பல காரணம் இருக்கலாம், நான் மறுக்கல. ஆனா இந்தத் தெரு மாறணும்னு சொல்லிட்டுப் படம் எடுத்தவங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியாச்சு. எனக்கு இப்படித் தோணுச்சு, எடுத்தேன்னு சொல்றவங்கதான் பத்திரமா மிஞ்சினாங்க, அப்புறம் அதுவே ரசனைன்னு ஆயிடுச்சு. இதை நான் சும்மா விட்டுட்டுப் போக மாட்டேன்.

அந்த பயம் அடுத்த தலைமுறை மேலயும் விழுந்துச்சு. ராபர்ட் ஃபிராங்க், சுவிட்சர்லாந்துல ஜூரிக்ல பொறந்த யூதர், 1947ல நியூயார்க் வந்தாரு. 1955ல குகன்ஹைம் உதவித்தொகை வாங்கி (அதுக்கு சிபாரிசு பண்ணதுல ஒருத்தர் நம்ம கோட்டு பட்டன் எவன்ஸ்) ஒரு பழைய ஃபோர்டு கார்ல அமெரிக்கா முழுக்க சுத்தினாரு. அந்த வருஷம் நவம்பர்ல அர்கன்சாஸ்ல மெகீங்கற சின்ன ஊர்ல போலீஸ் நிறுத்திச்சு. வெளிநாட்டு உச்சரிப்பு, கார் நிறைய கேமரா, வேற என்ன சாட்சி வேணும், கம்யூனிஸ்ட் உளவாளியா இருப்பான்னு மணிக்கணக்குல லாக்கப்ல வெச்சு விசாரிச்சு, கைரேகை எடுத்துட்டு விட்டாங்க.

அதே மாசம் நியூ ஆர்லியன்ஸ்ல எடுத்த ஒரு படத்தை மட்டும் கிட்டப் போய் பாப்போம். ஒரு ட்ராலி, அதாவது தெருல ஓடற டிராம் வண்டி, பக்கவாட்டுல தெரியுது. வரிசையா ஜன்னல். மொத ஜன்னல்ல கண்ணாடிக்குப் பின்னால ஒரு வெள்ளைக்காரர், மங்கலா, பேய் மாதிரி. அடுத்ததுல ஒரு வெள்ளைக்கார அம்மா, உன்னை யாரு கூப்பிட்டாங்கற பார்வை. நடுவுல ரெண்டு குழந்தைங்க, பையன் கழுத்துல போ டை. அதுக்குப் பின்னாடி ஒரு கறுப்பின மனுஷர், கை ரெண்டும் ஜன்னல் மேல, நேரா கேமராவைப் பாக்கறாரு, அந்தப் பார்வையை நான் என்ன சொல்றது, கெஞ்சலும் இல்ல கோவமும் இல்ல. கடைசில ஒரு கறுப்பினப் பொண்ணு. மேல இருக்கற கண்ணாடில தெரு என்னமோ கலங்கின தண்ணி மாதிரி தெரியுது. இந்த வரிசையை ஃபிராங்க் அடுக்கல, சட்டம் அடுக்கி வெச்சிருந்துச்சு. அந்த ஊர் வண்டியில சீட்டுக்குப் பின்னாடி சொருகற மாதிரி ஒரு பலகை இருக்கும், அதுக்குப் பின்னாலதான் கறுப்பர்கள் உக்காரணும், வெள்ளைக்காரங்க அதிகமா ஏறினா பலகை பின்னாடி நகரும். இந்தப் படம் எடுத்துக் கொஞ்ச வாரத்துலதான், டிசம்பர் 1 அன்னிக்கு, மான்ட்காமெரிங்கற ஊர்ல ரோசா பார்க்ஸ்னு ஒரு கறுப்பினப் பெண் பஸ்ல வெள்ளைக்காரருக்காக சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேன்னு சொன்னாங்க.

ஃபிராங்க் எடுத்தது ஏறக்குறைய 27,000 படம். அந்தப் பயணத்தைப் புத்தகமாப் போட்டப்ப அதுல வெச்சது 83. அதையும் மொதல்ல போட்டது பாரிஸ்ல இருந்த பதிப்பாளர் ராபர்ட் டெல்பியர், 1958ல. அமெரிக்கப் பதிப்பு அடுத்த வருஷம்தான். அமெரிக்க போட்டோ பத்திரிகை ஒன்னு மங்கல், க்ரெய்ன், சாய்ஞ்ச தரைன்னு போட்டுத் தாக்கிச்சு. வில்லியம் க்ளைனோட நியூயார்க் புத்தகத்துக்கும் அதே கதி, 1956ல பாரிஸ்லதான் வந்துச்சு. க்ளைன் படம்னா பொம்மைத் துப்பாக்கியை கேமரா மூக்குல நீட்டற அந்தப் பையன் படம் நீங்க பாத்திருப்பீங்க, பையன் முகம் அவ்வளவு வெறி, பக்கத்துல ஒரு சின்னப்பையன் சாதுவா நிக்கறான்.

இங்க ஒருத்தரை விட்டுட்டா தப்பு. ராய் டிகராவா, 1919ல ஹார்லெம்லயே பொறந்து வளர்ந்தவரு, 1952ல குகன்ஹைம் உதவித்தொகை வாங்கின மொத கறுப்பின போட்டோகிராஃபர். வெளிய இருந்து வந்தவங்க ஹார்லெமை எடுத்தா ஏழ்மை, குற்றம், கண்ணீர்னு எடுப்பாங்க, இவரு ஒருத்தரை ஒருத்தர் அணைச்சுக்கற ஜோடியை எடுத்தாரு. 1955ல வந்த அவரோட புத்தகத்துக்கு கவிஞர் லேங்ஸ்டன் ஹியூஸ் ஒரு பாட்டி பேசற மாதிரி கதை எழுதினாரு. டிகராவாவோட பிரிண்ட் எல்லாம் ரொம்ப இருட்டா இருக்கும், ஸ்கேன் பண்ணி போன்ல பாத்தா ஒன்னுமே தெரியாது, நேர்ல கண்ணு பழகினதும் அந்தக் கறுப்புக்குள்ள இருந்து இன்னொரு கறுப்பு, அதுக்குள்ள ஒரு சாம்பல்னு வந்துக்கிட்டே இருக்குமாம். 1953ல எடுத்த ஒரு படத்துல ஆளே கிடையாது. ஒரு டெனமென்ட் கட்டடத்துக்குள்ள இருக்கற நடைபாதை, ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா இடிச்சுக்கற அகலம், கோடில ஒரு அழுக்கு பல்பு. சின்ன வயசுல அவரு நடந்த நடைபாதை மாதிரியே இருந்துச்சாம் அவருக்கு. லெவிட் படத்துல பசங்க வெளிய ஓடி வர்றாங்க இல்ல, அவங்க எதுல இருந்து ஓடி வந்தாங்கன்னு இந்தப் படம் காட்டும். இன்னொன்னும் இருக்கு. கூட்டத்துல கலந்து கண்ணுக்குத் தெரியாம எடுக்கறதுதான் தெரு போட்டோன்னு நெறைய பேரு சூத்திரம் மாதிரி சொல்றாங்க, 50கள் அமெரிக்காவுல கேமராவோட நிக்கற கறுப்பின ஆளு எந்தத் தெருல கண்ணுக்குத் தெரியாம நின்னுட முடியும்?

வீஜியைப் பத்தி ரெண்டு வரி, ஏன்னா அவரு இந்தக் கூட்டத்துலயே சேராத ஆளு. நெஜப் பேரு ஆர்தர் ஃபெலிக், கார்ல போலீஸ் ரேடியோ, டிக்கில டைப்ரைட்டரும் ஃபிளாஷ் பல்பும், கொலை நடந்த எடத்துக்கு ராத்திரியே போய் எடுத்துப் பேப்பருக்கு வித்துடுவாரு. பெரிய ஸ்பீட் கிராஃபிக் கேமரா, பத்தடி ஃபோகஸ், ஃபிளாஷை அடிச்சா முன்னாடி இருக்கறது வெள்ளை, பின்னாடி எல்லாம் கரி. சினிமாக்காரங்க அப்புறம் இதைப் பாத்துதான் ராத்திரி நகரம்னா இப்படின்னு கத்துக்கிட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

காசு விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி படத்தை அப்ப யாரும் சுவத்துல மாட்ட வாங்கல. 1954ல ஹெலன் கீங்கறவங்க கிரீன்விச் வில்லேஜ்ல லைம்லைட்னு ஒரு போட்டோ கேலரி ஆரம்பிச்சாங்க, அதுவும் காபி கடையோட சேர்த்து, ஏன்னா படம் வித்து வாடகை கட்ட முடியாது, காபி வித்துதான் கட்டணும். 1961ல அதையும் மூடிட்டாங்க. அதனால எல்லாரும் சோத்துக்கு விளம்பரம், ஃபேஷன், பத்திரிகை வேலைன்னு பண்ணிட்டு மிச்ச நேரத்துல தெருவுல எடுத்தாங்க. வாங்க ஆளில்லாததுல ஒரு வசதி, யாருக்கும் பதில் சொல்ல வேணாம். வினோகிராண்ட் அந்த சுதந்திரத்தை ஓவராவே எடுத்துக்கிட்டாரு, 1984ல சாகும்போது கழுவாத ரோல் மட்டுமே சுமார் 2,500 விட்டுட்டுப் போனாரு. எடுத்ததைத் தானே பாக்கல.

விவியன் மேயர் கதை இதைவிட விசித்திரம். 1926ல நியூயார்க்ல பொறந்து, 1956ல சிகாகோ பக்கம் போய், வீடுகள்ல குழந்தை பாத்துக்கற ஆயா வேலை பாத்தவங்க. கழுத்துல எப்பவும் ஒரு ரோலிஃப்ளெக்ஸ் தொங்கும். அது இடுப்புகிட்ட வெச்சுக் குனிஞ்சு பாக்கற கேமரா, அந்த மாதிரி பழசு ஒன்னை நான் ஒரு தடவை கைல வாங்கிப் பாத்தேன், தலையைக் குனிஞ்சா கண்ணாடில உலகம் இடம் வலம் மாறித் தெரியுது, ஆளு வலது பக்கம் போனா படம் இடது பக்கம் போகுது, ஒரு நிமிஷத்துல தலை சுத்திடுச்சு. ஆனா எதிர்ல இருக்கறவங்களுக்கு இந்தம்மா பைக்குள்ள என்னமோ தேடறாங்கன்னுதான் தோணும், மொறைச்சுப் பாக்கற மாதிரி இருக்காது. கேமரா இடுப்பு உயரத்துல இருக்கறதால படத்துல மனுஷங்க கொஞ்சம் ஓங்கி, கம்பீரமாத் தெரிவாங்க, பிச்சைக்காரர் கூட. ரோலுக்கு 12 படம்தான், அதனால வினோகிராண்ட் மாதிரி வாரி இறைக்க முடியாது.

ஒரு லட்சத்துக்கும் மேல நெகட்டிவ். ஏறக்குறைய யாருக்கும் காட்டல, பெரும்பாலானதை பிரிண்ட் கூடப் போடல. வயசான காலத்துல சாமான் போட்டு வெச்சிருந்த லாக்கருக்கு வாடகை பாக்கி விழுந்து, 2007ல ஏலத்துக்குப் போயிடுச்சு. ஜான் மலூஃப்னு ஒரு இளைஞர் 400 டாலருக்கும் கம்மியா ஒரு பெட்டி நெகட்டிவ் வாங்கினாரு, இது யாரு எடுத்ததுன்னு அவரு கண்டுபிடிச்சப்ப அந்தம்மா 2009 ஏப்ரல்ல செத்துப் போயிருந்தாங்க. இன்னிக்கு நாம மேயர் படம்னு பாக்கறதுல பெரும்பாலானது வேற யாரோ தேர்ந்தெடுத்து, வேற யாரோ கறுப்பு எவ்வளவு வெள்ளை எவ்வளவுன்னு முடிவு பண்ணிப் போட்ட பிரிண்ட். டிகராவா தன் கறுப்புக்காக டார்க்ரூம்ல அவ்வளவு மெனக்கெட்டதை நெனச்சா இது சின்ன விஷயம் கிடையாது. மேயருக்கு எந்தக் கறுப்பு புடிச்சிருக்கும்னு கேக்க ஆள் இல்ல.

பேரு வந்ததும் பணம் வந்துச்சு, பணம் வந்ததும் கேஸ் வந்துச்சு. நெகட்டிவ் கைல இருந்தா காப்பிரைட்டும் நம்மளுதுன்னு ஆயிடாது, அது எடுத்தவங்களோட வாரிசுக்குத்தான் போகும். மேயருக்கு அம்மா வழி ஃபிரெஞ்சு வேர், கல்யாணம் ஆகல, குழந்தை இல்ல. 2014ல ஒரு வக்கீல் பிரான்ஸ்ல இருந்த தூரத்து சொந்தம் ஒருத்தர் சார்பா வழக்கு போட்டாரு, சிகாகோ இருக்கற குக் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நிர்வாகம் சொத்தைப் பாத்துக்க உள்ள வந்துச்சு, 2016ல மலூஃபும் கவுண்டியும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தாங்க. இப்ப மேயரோட ஒரு பிரிண்ட் ஆயிரக்கணக்கான டாலர், லாக்கர் வாடகை கட்ட முடியாம ஏலத்துக்குப் போன அதே பெட்டில இருந்து வந்தது.